ஒயின் படிக்கப் போன மலை

மஸ்கட் ரூவியில், ஓர் ஓட்டலில் ஒயின் பரிமாறும் வேலை எனக்கு. ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. விருந்தினர் ருசி கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஒருநாள் "இனிக்கும் சார்" என்று நான் ஊற்றியது கசந்துவிட்டது. அந்த விருந்தினர் பெரிய சத்தம் போட்டார்.

"பத்து நாளில் ஒயினைப் பற்றிக் கற்றுக்கொள், இல்லையென்றால் ஊருக்குப் போ" என்றார் மேனேஜர்.

திராட்சை விளையும் இடத்துக்கே போனால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். லீவு நாளில் ஒரு தண்ணீர் லாரியில் ஏறி ஜபல் அக்தர் மலைக்குப் போனேன். கீழே பாலைவனம் கொதித்தது, மேலே குளிர். கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் தொண்டிக்காரர், காதர் பாய்.

"பாய், இதுல ஒயின் எப்படிப் போடுறாங்க?"

"அட கிறுக்கா, இங்க யாருடா ஒயின் போடுறா? வாயை மூடு, அர்பாப் வர்றாரு."

முதலாளியான ஓமானிப் பெரியவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். பாய் அரபியில் பதில் சொன்னார். பெரியவர் சிரித்து, என் இரண்டு கைகளிலும் திராட்சையை நிரப்பிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னீங்க பாய்?"

"என் தங்கச்சி மவன், பாக்க வந்திருக்கான்னேன்." மண்வெட்டியை ஊன்றி நின்றார். "பதினோரு வருசத்துல அவருகிட்ட சொன்ன மொதப் பொய் தம்பி இது."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒருவர் ருசி கேட்டார். "தெரியாது சார், நான் குடிச்சதில்ல" என்றேன். மேனேஜர் சொன்னபடியே என்னை ஊருக்கு அனுப்பினார்.

இப்போது வேறு விசாவில் ராஸ் அல் கைமா, டைல்ஸ் கம்பெனி. இதுவும் எத்தனை நாளோ. அந்தத் திராட்சையின் ருசியை மட்டும் யார் கேட்டாலும் சரியாகச் சொல்வேன்: தோல் தடிப்பு, உள்ளே நல்ல இனிப்பு, விதையைக் கடித்தால் கசப்பு.