தலையாட்டிய பழக்கம்

தொழிற்சாலை இரைச்சலில் இருபது வருடம் நின்று என் காது மந்தமாகிவிட்டது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, யார் பேசினாலும் தலையாட்டிவிடுவேன். "டாக்டர்கிட்ட காதக் காட்டுங்க லா" என்று மனைவி கெஞ்சியபோதும் தலையாட்டினேன், போகவில்லை.

ஒரு மாலை டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஃபிளாட் பெண் ஓடி வந்து என் முன்னால் நின்று கத்தினாள். "அண்ணே, அக்கா எவ்ளோ நேரமா கூப்புடுறாங்க!"

குளியலறையில் விழுந்து கிடந்த என் மனைவி, மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

அதன் பிறகுதான் செவித்திறன் நிபுணரான ஒரு பெண்மணியிடம் போனேன். சிறு அறையில் உட்கார வைத்து, என் காதுகளில் ஹெட்ஃபோன் மாட்டினார். கண்ணாடிக்கு அப்பால் அவர் உதடு அசைந்தது. தலையாட்டினேன். அவர் எழுந்து வந்து ஹெட்ஃபோனைக் கழற்றி, சத்தமாகச் சொன்னார்:

"மிஷினே இன்னும் தொறக்கல அண்ணே, சத்தமே வரல. எதுக்குத் தலையாட்டுறீங்க?"

"எனக்குக் காது கேக்கலம்மா" என்றேன். முதல் முறையாக.

இப்போது கருவி மாட்டியிருக்கிறேன். டிவி முன்னால் உட்கார்ந்தாலும், குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்கிறது.