மானுக்கு விதைத்த கொல்லை

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் எனக்குக் கல்யாணமாயிற்று. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, மலையடிவாரத்தில் எங்கள் கொல்லை. போட்ட மல்லாட்டையில், அதுதான் வேர்க்கடலையில், பாதியை மான்கள் தின்றுவிடும். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வலை கட்டினார்கள். நாங்கள் சமணக் குடும்பம். விறகைக்கூட எறும்பு போகத் தட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைப்போம். நாங்கள் எப்படி வலை கட்டுவது? என் வீட்டுக்காரர் யோசித்து, மலைப்பக்கம் அரைக் காணியை மான்களுக்கே விட்டுவிட்டார்.

"வயிறு ரொம்பிட்டா அது ஏன் மல்லாட்டைக்கு வருது?" என்றார்.

ஆடியில் கேப்பை, காராமணி, துவரை மூன்றையும் கலந்து விதைப்பார். முதலில் கேப்பைத் தளிர், அப்புறம் காராமணிக் கொடி, அது காய்ந்தபின் மாசி வரைக்கும் துவரை இலை. இடையில் கொள்ளும் தூவுவார். கோடையில் எல்லாம் கருகிப் போகும்போது, மான்களுக்கென்று ஏற்றம் இறைத்து ஒரு பாத்தி கம்பு வளர்ப்பார். எனக்கு ஒரு முழம் பூ வாங்க மட்டும் வருஷம் முழுக்க மறந்து போகும் அந்த மனுஷருக்கு!

மான்கள் மல்லாட்டையை விட்டுவிட்டன. பொழுது சாய்வதற்குள் நாங்கள் சாப்பிட்டுவிடுவது வழக்கம். அதே நேரத்தில் அவையும் வரும். சாப்பிட்ட கையோடு வேலியோரம் போய் நிற்போம். காது கிழிந்த மான் ஒன்று எங்களைப் பார்த்தால் ஒதுங்கக்கூட மாட்டாது. பிள்ளையில்லாத எனக்கு அதன்மேல் உயிர். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவரோ போகுமிடமெல்லாம் மான் பெருமைதான். மயிலம் திருவிழாவுக்குப் போன பஸ்ஸில்கூடச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து உத்தியோகஸ்தர் ஒருவர் மோட்டாரில் வந்து இறங்கினார். மான் பார்க்க வந்தாராம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. மோர் கொடுத்து, காற்று எந்தப் பக்கம் வீசினால் எங்கே உட்கார வேண்டும், எது முதலில் வரும் என்று எல்லாவற்றையும் காட்டினார். கிளம்பும்போது வந்தவர், "அடுத்த வெள்ளிக்கிழமை துப்பாக்கி எடுத்துக்கினு வர்றேன்" என்றார்.

மானைப் பார்க்க வருகிறவன் கொல்ல வருவான் என்பது இவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான். அன்று இவர் சாப்பிடவில்லை.

மறுநாளே பயிர் முழுவதையும் அறுத்து மாட்டுக்குப் போட்டார். மான்கள் வந்து வெறும் அடிக்கட்டையை மோந்துகொண்டு நின்றன. தகரம் தட்டினார். காது கிழிந்த மான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு, இன்னும் கிட்டே வந்தது. தகரத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னால ஆவலம்மா" என்றார்.

வியாழக்கிழமை நானே போனேன். கையில் மண்கட்டி. வாய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது. குறி பார்த்து எறிந்தேன். காது கிழிந்த மானின் விலாவில் பட்டது. அது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. பிறகு எல்லாம் மலையேறி ஓடின. எறிந்த கையை அன்று எத்தனை தடவை கழுவினேனோ.

வெள்ளிக்கிழமை உத்தியோகஸ்தர் வந்து இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். "மானெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. "எங்க வீட்டுல அடிச்சித் தொரத்திட்டாங்க" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வந்தவர் முகம் சுளித்துக்கொண்டு போனார். அன்றைக்கும் மோர் கொடுத்தோம். நான் கலந்ததில் முக்கால்வாசி தண்ணீர்.

சில மாதங்களில் அவருக்கு மாற்றலாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். அடுத்து வந்த ஆடியில் இவர் மறுபடி விதைத்தார், இந்தத் தடவை வாயைத் திறக்காமல். கேப்பை முளைத்ததும் மான்கள் வந்தன. காது கிழிந்த மானும் குட்டியோடு வந்து அவருக்கு எதிரிலேயே நின்று மேய்ந்தது. நான் வேலியருகே வந்ததும் குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியது.

"கொஞ்சம் அந்தாண்ட இரும்மா, அது தின்னட்டும்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆடி வந்தது. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன்.