தகடு கழற்றிய இழைப்புளி

தொண்ணூறுகளில் நான் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்யும் வேலையில் இருந்தேன். பம்பின் உடம்பை முதலில் மரத்தில் செய்து தரவேண்டும். அதை மண்ணில் பதித்துத்தான் இரும்பு ஊற்றுவார்கள். நாளெல்லாம் மரத்தோடு கிடந்தும் ஆசை தீராமல், மரம் இழைக்கிற பழைய இழைப்புளிகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தேன். என்னைப் போலவே கிறுக்குப் பிடித்த இன்னொருவர் இருந்தார். கோயமுத்தூர் பழைய ஊருக்குள் மர டிப்போ வைத்திருந்த பாய். என் வயதுதான்.

அவருக்கு இங்கிலாந்திலிருந்து வந்த இரும்பு இழைப்புளிகள்மேல் மோகம். எனக்கு ஈட்டி மரத்திலும் வேல மரத்திலும் ஆசாரிகள் தாங்களே செய்துகொண்ட மரக்கட்டை இழைப்புளிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒப்பிடுவோம். அடிப்பக்கத்தில் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்போம். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் அந்தக் கட்டை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒரே தேக்குப் பலகையில் இரண்டையும் ஓட்டுவோம். விழுகிற சுருளை விரித்துச் செய்தித்தாள்மேல் வைத்தால் அடியில் எழுத்து தெரியவேண்டும். யாருடைய சுருளில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதோ அவர் ஜெயித்தார். தோற்றவர் டீ வாங்கிவரவேண்டும்.

ஒரு நாள் டிப்போவுக்கு லோடு கொண்டுவந்த லாரி டிரைவர் சொன்னார், கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு ஆசாரி வீட்டில் சாமான்களையெல்லாம் விலைக்குக் கொடுக்கிறார்களாம், நல்ல நல்ல இழைப்புளியாம் என்று. ஆசாரி இறந்துவிட்டார் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் பெரும்பாலும் சாமான் கிடைக்கும்.

பஸ் பிடித்துப் போனோம். வாய்க்கால் ஓரமாக ஓட்டு வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு அம்மா வந்து கதவைத் திறந்தார். இழைப்புளி பார்க்க வந்ததாகச் சொன்னோம்.

"வாங்க, உள்ளே வாங்க. பெட்டி அந்த மூலைல இருக்குதுங்க. பாத்துட்டு இருங்க, தண்ணி கொண்டாரேன்" என்று உள்ளே போனார்.

பெட்டியைத் திறந்ததும் எங்களுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. எல்லாம் ஈட்டி மரம். பாய் நீளமான ஒன்றை எடுத்து, பையிலிருந்த ஸ்கேலை அடியில் வைத்து, பழக்கதோஷத்தில் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். "துளி வெளிச்சம் வரலீங்களே! உங்ககிட்ட இருக்கறதெல்லாம் இதுகிட்ட நிக்காதுங்க" என்றார். நான் இன்னொன்றில் வெட்டுத்தகடு செருகிய வாயில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

சுவரோரம் கட்டிலில் ஒரு ஆள் படுத்திருந்தார். நாற்பது தாண்டாத முகம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவர் கண் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா தண்ணீரோடு வந்தார். "அவருதானுங்க. வாதம் வந்து சோத்துக்கை விழுந்துபோச்சுங்க. பேச்சும் இல்லீங்க" என்றார்.

பாய் கையிலிருந்ததைப் பெட்டியில் வைத்துவிட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா. அவரு இருக்கறப்ப இத நாங்க எப்படிங்க எடுக்கறது?"

அந்த அம்மா எங்களை வாசலுக்குக் கூட்டிவந்தார். குரலை இறக்கிச் சொன்னார். "இடது கை நல்லா வருதுங்க. போன மாசம் நான் தண்ணிக்குப் போயிருந்தப்ப, தவழ்ந்துபோயி இழைப்புளியிலிருந்து ஒரு தகட்ட உருவி எடுத்துட்டாருங்க. நான் வந்து பாக்கறப்ப கழுத்துல வெச்சிருந்தாரு." தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே ஒரு வெட்டு, சரியாக ஆறாமல் இருந்தது. "பிடுங்கறப்ப பட்டதுங்க. வேற யாருகிட்டயும் சொல்லல. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிருங்க."

அதற்குமேல் என்ன யோசிக்க? அந்த அம்மா கேட்ட பணத்தைக் கொடுத்தோம். இரண்டு சாக்கில் எல்லாவற்றையும் கட்டினோம். கட்டும்போதெல்லாம் கட்டிலிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

பாய்க்குத் தாங்கவில்லை. சாக்கிலிருந்து சின்னதாக ஒன்றை வெளியே எடுத்தார். ஆப்பைத் தட்டித் தகட்டை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். வெறும் கட்டையைக் கொண்டுபோய் ஆசாரியின் இடது கையில் வைத்து, "இது உங்ககிட்ட இருக்கட்டுமுங்க" என்றார்.

ஆசாரி அதை இறுக்கிப் பிடித்தார். அழுத்தி அழுத்தி வழுவழுப்பேறிய கட்டை. கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, தகடு இருக்கவேண்டிய வாய்க்குள் போனது. தடவியது. மறுபடியும் தடவியது. பிறகு கை தளர்ந்து, கட்டை தரையில் விழுந்தது. அவர் கழுத்தை மட்டும் எப்படியோ திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். சத்தம் நின்றுவிட்டது.

அந்த அம்மா கட்டையை எடுத்து எங்கள் சாக்கிலேயே போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பாய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவிநாசி நெருங்கும்போது, "நான் அதைக் கொடுத்திருக்கக் கூடாதுங்க" என்றார்.  

அந்த இழைப்புளிகளை நாங்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. டிப்போவின் பரண்மேல் ஏற்றிவைத்தோம். அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் போனேன். பாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கினார், பாதியில் இறக்கிவிட்டார். டீ குடித்தோம், மரத்தின் விலையைப் பேசினோம், கலைந்தோம். அதன் பிறகு யாரும் ஸ்கேலை எடுக்கவில்லை. நானும் புதிதாக எதையும் வாங்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடி கழிந்து அந்த அம்மா டிப்போவுக்கு வந்தார். போத்தனூரில் தங்கச்சி வீட்டுக்கு வந்தவர், விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆசாரி தூக்கத்திலேயே போய்விட்டாராம். சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாய் எவ்வளவோ சொன்னார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"பெட்டி போனதுக்கப்புறம் கொஞ்சமாச்சும் நிம்மதியா இருந்தாருங்களா?" என்று பாய் கேட்டார்.

"இல்லீங்க. சொவத்தப் பாத்தே படுத்திருந்தாரு. கஞ்சி ஊட்டுனாக்கூட என் மூஞ்சியப் பாக்க மாட்டாருங்க."

பாய் குனிந்துகொண்டார். எனக்கும் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஆனா ஒரு வருஷம் உசுரோட இருந்தாருங்கல்ல?" என்றார் அந்த அம்மா. "எனக்கு அது வேணுமா இருந்துச்சுங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார். ஸ்டாண்டு வரைக்கும் நான் கூடப் போனேன்.