பக்கத்து இருக்கை மச்சான்

சரக்கு விமானம் ஓட்டும் அந்த மனிதருக்கு விமான நிலையத்தில் 'ரெட்டையாள்' என்று பட்டப்பெயர். ஓட்டுவது என்னவோ ஒற்றை ஆளாகத்தான். பார்சலும் மருந்துப் பெட்டியும் சுமக்கிற சின்ன விமானத்துக்கு இன்னொரு விமானியா என்று முதலாளி எப்போதோ கையை விரித்துவிட்டார். இவரும் சளைக்காமல் வலப்பக்கத்துக் காலி இருக்கையில் ஒரு மச்சானை உட்கார வைத்துக்கொண்டார். மச்சான் கேள்வி கேட்பான், இவர் வாய்விட்டுப் பதில் சொல்வார். இரண்டு குரலும் இவருடையதே. சக்கரம் இறங்கியதா? இறங்கியது. எரிபொருள்? போதும். பதில் வராத கேள்வி ஒன்று வந்துவிட்டால் அந்த வேலை அத்தோடு நின்றுவிடும்.

இந்த வியாதி வீடு வரைக்கும் தொற்றியிருந்தது. கேஸை மூடியாச்சு, கதவைப் பூட்டியாச்சு என்று படியிறங்கும்போதே ஒப்பிப்பார். "அதெல்லாம் உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க, எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு" என்பார் மனைவி.

அன்று மனைவி வீட்டில் இல்லை, மகளுக்குத் துணையாகப் போயிருந்தார். இவர் தினமும் சரக்கு இறக்கும் ஊரில்தான் மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, காலையில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்ன வயதில் ஊசி என்றாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்பவள், அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை காரோடு விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு.

போய்ச் சேர்ந்தால் கீழே ஊரையே காணோம். எங்கும் மூடுபனி. இப்படிப்பட்ட நாளில் கருவிகளை நம்பித்தான் இறங்க வேண்டும். அந்த நம்பிக்கையும் ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும்தான். அதற்குள் ஓடுதளத்தின் விளக்குகள் கண்ணில் படாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கருவிகளின் முள்ளைப் பார்க்க, மற்றவர் வெளியே பார்ப்பார். இவருக்கு எல்லாவற்றுக்கும் இருந்தது ஒரே ஜோடிக் கண். அதுவும் மகளைப் பார்க்கத் துடிக்கிற கண்.

அந்த உயரம் வந்தது. வெளியே வெறும் வெள்ளை. மேலே ஏறுவதற்காகக் கை விசையைத் தள்ளப் போன நேரத்தில், கொஞ்சம் இடப்பக்கமாக, வெளிச்சம் தெரிந்தது. அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் மூக்கைத் திருப்பி இறக்கினால் போதும் என்று மனசு பறந்தது. ஆனால் பழகிய வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன தெரியுது?"

"ரெண்டு வெளக்கு."

"என்ன வெளக்கு?"

பதில் இல்லை. ஓடுதளத்து விளக்கு என்றால் வரிசையாக அல்லவா இருக்க வேண்டும்? இவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் விசையை முழுதாகத் தள்ளி மேலே ஏறினார். பனியில்லாத பக்கத்து ஊரில் இறங்கி, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தேன்ப்பா" என்றாள். குற்றவாளியைப் போல நின்றார்.

மாமனார் முகம் செத்துக் கிடந்ததைப் பார்த்து மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தன் மனைவிக்கு எடுத்துச் சொன்னான். பிறகு இவர் பக்கம் திரும்பினான்.

"நானும் என்னால ஆனதைப் பண்ணேன் மாமா. உங்களுக்கு அடையாளம் தெரியட்டும்னு ஏர்போர்ட் வேலியோரமா நீங்க வர்ற பக்கம் பாத்து காரைத் திருப்பி, ஹெட்லைட்டைப் போட்டுட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். தெரிஞ்சுதா?"

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

"தெரிஞ்சுது மாப்ள."

மனைவி குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். "அப்புறம் ஏன் எறங்கலையாம்? உங்க மச்சான் என்ன சொன்னாராம்?"

"அது என்ன வெளக்குன்னு கேட்டான்" என்றார். மடியில் குழந்தை இருந்தும் அதன் அப்பனின் கையை அவர் விடவில்லை.