வட்டம் போட்ட விண்மீன்

எங்கள் தொழிலில் வெளிச்சத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். நியூட்ரான் விண்மீன்களின் எக்ஸ்-கதிர்களைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக பாவிகளுக்கு இது புரியும். தன் வேலையை வீட்டில் விளக்கிப் பார்த்து அலுத்தவர்களும் நம் கட்சிதான்.

அரை நாள் கறுப்பு

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு, விடுமுறைக்குச் சின்ன காஞ்சிபுரம். எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்பக்கம் கல்யாண ஆல்பம், பின்பக்கம் இரண்டு இன்டர்நெட் கம்ப்யூட்டர். விண்வெளித் தொலைநோக்கி எடுத்த விண்மீன் கொத்துப் படத்தை அங்கேதான் இறக்கினேன். இருமுறை கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து. இப்போது அந்தக் கடை இல்லை. நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. ஒருவழியாகப் படம் திறந்ததும் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, காலைலர்ந்து குந்திக்கினு இறக்குனே, வெறும் கறுப்பாதானே இருக்குது?"

பதினோரு கதிர்

நியூட்ரான் விண்மீன் பக்கத்து விண்மீனின் வாயுவைத் தின்னும்போது பிரகாசிக்கும். தின்பதை நிறுத்தினாலும், அடுப்பணைத்த தோசைக்கல் மாதிரி சூடு மிச்சமிருக்கும். அந்தக் கொத்திலிருந்த என் விண்மீனில் அந்தச் சூடுகூடச் சரியாக இல்லை. தொலைநோக்கி ஒரு நாள் முழுக்கப் பார்த்ததில் சிக்கியது பதினோரு எக்ஸ்-கதிர்கள்தான். அது விண்மீன் இல்லையென்றால் என் மூன்று வருடமும் போச்சு, பட்டமும் போச்சு. என் பேராசிரியர் ஒரு மாதம் யோசித்துக் கேட்டதை, பட்டு நூல் சுற்றிக்கொண்டே அம்மா உடனே கேட்டாள்.

"பதினோண்ணும் அதுலர்ந்துதான் வந்துச்சுன்னு உனக்கெப்படிடி தெரியும்?"

சுத்தமான வானம்

அதே இடத்தில் மறுபடி கதிர்களைப் பிடித்து இருவருக்கும் பதில் சொல்ல இன்னொரு வருடம் ஆனது. ஆய்வேட்டின் முக்கியமான படத்தை அச்சுக்கு அண்ணனிடமே கொடுத்தேன். மாதிரித் தாளில் விண்மீனைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, "இதாண்ணா முக்கியம், பாத்துப் பண்ணுங்க" என்றேன். மறுநாள் வாங்கியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுவில் மங்கலான புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள், இங்கே ஒன்றுமே இல்லையே?" நல்லவேளை, துறைக் கம்ப்யூட்டரில் அசல் படம் இருந்தது. அவர் கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார், பட்டம் தப்பியது. அன்று மாலையே பஸ் பிடித்து வந்து ஸ்டுடியோவில் சண்டைக்கு நின்றேன். அண்ணன் அசரவில்லை.

"நீதானம்மா வட்டம் போட்டுக் குடுத்தே? நம்ம கடைல வட்டம் போட்டா பருவோ தழும்போ, எடுத்துடணும்னு அர்த்தம். கண்ணுக்கே தெர்ல, இருந்தாலும் தேடிப் புடிச்சி எடுத்தேன்பா!"

பேராசிரியர் முதல் அம்மா வரை எல்லோரும் சந்தேகப்பட்ட என் விண்மீன் அங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிய ஒரே ஆள், அதை அழித்தவர்தான்.