தானே நிறுத்திவிட்டார்

போனில் கல்பனா அழவில்லை. அழுதிருந்தால் ஜெயசெல்விக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"அக்கா, அவரு உள்ள தாப்பா போட்டுகினாரு. கையில கொடுவா கீது. வெளிய இருவது பேரு தடியும் கயிறுமா நிக்கறாங்க. சீக்கிரம் வாங்க."

காலை ஒன்பதரை மணி. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டு மலைக்குப் போகும் பேருந்து போய்விட்டிருந்தது. மலைக்குச் சுமை ஓட்டும் தசரதனின் ஜீப் புளி மூட்டை ஏற்ற மேலே கிளம்பிக்கொண்டிருந்தது. ஜெயசெல்வி ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வழியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். கையில் ஆயுதம் இருக்கிறதென்றால் போலீஸ் வந்தால்தான் வண்டி வரும் என்றார்கள். காவல் நிலையத்தைக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் வந்ததும் சொல்லுங்கள், வருகிறோம் என்றார்கள். மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி போலீஸ். அதற்குள் மூன்று வளைவுகள் ஏறியிருந்தார்கள், சிக்னல் போய்விட்டது.

"வுடுங்க்கா, நம்ம ஜீப்பு கீது," என்றான் தசரதன். "புளி எங்கயும் ஓடிடாது."

ஜெயசெல்விக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்தது சந்தவாசல், திருப்பத்தூரில் வெல்டிங் கடை வைத்திருக்கும் டோமினிக்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மனநலத்துக்கான ஒரு அறக்கட்டளையில் நெருக்கடி உதவிப் பணியாளர் வேலை. அதாவது, யாருக்காவது மனம் பிடி தவறும் நேரத்தில் முதலில் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள். ஊசி போடும் அதிகாரம் கிடையாது, மருந்து எழுதும் அதிகாரம் கிடையாது. பேச வேண்டும், கேட்க வேண்டும், பத்திரமாக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், பிறகு மாதாமாதம் விசாரிக்க வேண்டும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பதால் மலையில் அவளுக்கு மாத்திரை அக்கா என்று பெயர்.

கல்பனாவின் கணவன் மோகனை அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வெளியூர் வெளியூராகச் சுற்றியவன். ஒருநாள் வேலையை விட்டு ஓடி வந்து, என்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று காட்டுக்குள் ஒளிந்துகொண்டான். மாத்திரையில் தேறினான். போன வருடம் சாமை விதைத்து, அறுத்து, போரடித்து, சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் கூட்டம் கல்பனா சொன்னதைவிட அதிகமாக இருந்தது. ஒருத்தன் ஜன்னல் வழியே செல்போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஜெயசெல்வி போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

மோகனின் சித்தப்பா கருப்பன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டிருந்தார்.

"இன்னா சொல்றாரு?" என்று அவரிடம் கேட்டாள்.

"அவனப் புடிச்சுகினு போவ ஆளுங்க வர்றாங்களாம். மூணு நாளா இதே ஒளறல்தாம்மா."

"ஒளறலா? இருவது பேரு வந்து நிக்கறீங்க. உங்க தோள்ல கயிறு கீது. அவரு சொன்னதுல இன்னாங்க தப்பு?"

கருப்பன் தன் தோளைத் தானே பார்த்துக்கொண்டார்.

"எல்லாரும் போங்க. கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போங்க. போறவரைக்கும் நான் கதவாண்ட போவ மாட்டேன்."

முணுமுணுத்தபடி கலைந்தார்கள். பலாமரத்தடியில் கருப்பன் மட்டும் நின்றுவிட்டார். ஜெயசெல்வி கதவுக்குப் பக்கத்தில், அதை மறிக்காமல், தரையில் உட்கார்ந்தாள்.

"மோகன், ஜெயசெல்வி வந்துகீறேன். கதவத் தொறக்க வேணாம். சும்மா உக்காந்துகினு இருப்பேன்."

முக்கால் மணி நேரம் உள்ளே நடமாட்டம் மட்டும் கேட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்.

"அவங்க போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க. உங்க சித்தப்பா மட்டும் மரத்தாண்ட கீறாரு. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

அவள் கையைக் காட்டியதும் கருப்பனும் போனார். அதன்பின் மெல்லப் பேச்சு வந்தது. தூங்கி நான்கு நாள் ஆகிறது என்றான். கூரை மேல் பேசுகிறார்கள் என்றான். அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. பயமா இருக்குதா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

"மாத்திரைய ஏன் நிறுத்திட்டீங்க மோகன்?"

"நான் எங்கக்கா நிறுத்துனேன்?" குரல் உடைந்தது. "மாத்திரைக்கு நம்ம மலை ஆஸ்பத்திரிக்கு மூணு தபா போனேன். மொத தபா இல்ல, அடுத்த வாரம் வான்னாங்க. அடுத்த வாரமும் இல்ல. மூணாவது தபா, டவுனுக்குப் போய் வாங்கிக்கன்னுட்டாங்க. பஸ்ல அத்தினி ஜனத்துக்கு நடுவுல என்னால நிக்க முடியல. பாதியில எறங்கி நடந்தே வந்துட்டேன்."

ஜெயசெல்விக்குத் தான் எழுதிய வரி ஞாபகம் வந்தது. பதினைந்து நாள் முன்பு மோகனின் போன் கிடைக்காமல் கருப்பனிடம் விசாரித்திருந்தாள். அவன் மாத்திரையே போடறதில்லம்மா என்றார் அவர். அவளும் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினாள்: மருந்தைத் தானே நிறுத்திவிட்டார். ஒரு தடவை நேரில் வந்து கேட்டிருக்கலாம். வரவில்லை. மலையிலுள்ள அரசு மருந்தகத்தின் மேல் வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது.

"என் தப்பு மோகன். உங்கள நான் கேட்டிருக்கணும்."

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் கம்பி வழியாகக் கொடுவாள் வெளியே விழுந்தது. கதவு திறந்தது.

தசரதன் ஜீப்பைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். மோகன் நடந்துபோய்த் தானே ஏறினான். நடுவில் அவன், இரண்டு பக்கமும் கல்பனாவும் ஜெயசெல்வியும்.

நகரத்து ஆஸ்பத்திரியில் அவனைப் படுக்க வைத்ததுமே ஒரு ஊழியர் கிழிந்த சேலைத் துண்டுகளோடு கட்ட வந்தார். அந்தத் துண்டுகளை ஜெயசெல்விக்கு நன்றாகத் தெரியும். இந்த வேலைக்கு வருமுன் ஆறு வருடம் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் ஆயாவாக இருந்தவள். சொன்னபோதெல்லாம் கட்டியிருக்கிறாள், ஏன் என்று ஒரு நாளும் கேட்காமல். மணிக்கட்டில் தோல் உரிந்த ஒரு பெண் தன்னைப் பார்த்த பார்வையை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

"கட்டக் கூடாது. அவராவே நடந்து வந்தாரு."

"எல்லாருக்கும் கட்டறதுதாம்மா. அடிச்சுட்டா யாரு பதில் சொல்றது?"

"அப்ப மொதல்ல என்னக் கட்டுங்க. இங்க இப்ப யாரயாவது அடிக்கிற நெலமையில கீறது நான்தான்."

அவர் துண்டுகளைக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு நகர்ந்தார். இளம் மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நோயாளி மருந்து உட்கொள்ள மறுத்தவர் என்று வாய்விட்டுச் சொன்னபடியே எழுதினார்.

"அத அடிங்க டாக்டர்."

"நீங்க யாரு?"

"மூணு தடவ நடந்து போய் மருந்து கேட்டவரு அவரு. மறுத்தது அவரு இல்ல."

மருத்துவர் அவளையும் மோகனையும் பார்த்தார். வரியை அடித்துவிட்டு, மருந்து கிடைக்கவில்லை என்று எழுதினார்.

அந்த வார அறிக்கையில் ஜெயசெல்வி மூன்று தேதிகளையும் எழுதினாள். தான் கேட்காமல் எழுதிய பொய்யையும் எழுதினாள். அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் சதீஸ்குமார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுகாதாரத் துறைக்காரங்க தயவுலதான் மலையில நம்ம வேலையே நடக்குது. இத இவ்ளோ பச்சையா எழுதணுமா? மருந்து தாமதம்னு போட்டா போதும்."

"தாமதம்னா பஸ் லேட்டா வர்றது சார். ஒரு மனுசன் கொடுவாளோட உள்ள உக்காந்ததுக்குப் பேரு தாமதமா?"

அவர் அறிக்கையை மேலே அனுப்பவில்லை. ஜெயசெல்வி ஒரு நகலெடுத்து, கல்பனாவைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தாள். பதினோராம் நாள் மலைக்கு மருந்து வந்தது. பன்னிரண்டாம் நாள் அறக்கட்டளையிலிருந்து விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு மெமோ வந்தது. கூடவே, புதூர்நாட்டை விட்டு நெல்லிவாசல்நாட்டுக்கு மாற்றம். அங்கே பாதி ஊர்களுக்கு நடந்துதான் போக வேண்டும்.

மோகன் இருபத்து நான்கு நாளில் வீடு திரும்பினான். கை நடுக்கம் இருக்கிறது, சாமைக் கொல்லைக்குப் போகிறான். கருப்பன் சமாதானம் பேச வந்தபோது முகம் கொடுக்கவில்லையாம். கல்பனா போனில் கேட்டாள்: "பெரியவராச்சே, பேசச் சொல்லட்டாக்கா?"

"வேணாம். கயித்தோட வந்தவங்ககிட்ட எப்பப் பேசணும்னு அவருக்குத் தெரியும்."

நெல்லிவாசல்நாட்டில் முன்பு இருந்தவர் விட்டுப்போன பதிவேட்டை ஜெயசெல்வி புரட்டினாள். நான்கு பெயர்களுக்கு எதிரே அதே வரி: தானே நிறுத்திவிட்டார். அவள் பதிவேட்டை மூடி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வீட்டில் மங்கம்மாள் என்ற பெண் பலகை மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயசெல்வி எதிரே உட்கார்ந்து, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கவில்லை.

"மாத்திரைக்கு எத்தினி தபா போனீங்கம்மா?"

மங்கம்மாள் விரலை மடக்கி எண்ணினாள். "அஞ்சு."

ஜெயசெல்வி ஒவ்வொன்றாகத் தேதி கேட்டு எழுதத் தொடங்கினாள்.