தண்ணீருக்குப் போட்ட பூச்சியம்

ஓர் ஊரில் அலைபேசிச் சேவை எப்படி இருக்கும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்கிடுவது என் தொழில். புதிய உயர் அலைவரிசை ஓர் இலை மறைத்தாலே தடுமாறும். அதனால் சிறு கோபுரங்களைத் தெருவுக்குத் தெரு நெருக்கி நட வேண்டும். அளவெடுக்க மட்டக்களப்பு வாவியில் என்னைத் தோணியில் கொண்டுபோனவர் ஒரு மீனவர். வெயிலில் கறுத்த அவர் கழுத்தில், பொலித்தீன் பையில் கட்டிய போன் தொங்கும். நீருக்குள் வேரூன்றிய கண்டல் மரங்களைத் தாண்டிய ஓரிடத்தில் மட்டும், போகும்போதும் வரும்போதும், பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்வார்.

"இதில சிக்னல் வருமா அண்ணன்?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. தோணி புரண்டு என்ட மகன் செத்தது இதிலதான். தோணியப் பிடிச்சுக்கிட்டே எனக்கு ஏழு தரம் கோல் எடுத்திருக்கான். ஒண்டும் வந்து சேரல்ல. அவன்ட போன் மட்டும் பைக்குள்ள நனையாமக் கிடந்திச்சு. இப்பயாவது வருதா எண்டு பாக்கன்."

பிறகு கேட்டார்: "உங்கட கணக்கில இந்த இடத்துக்கு என்ன போட்டிருக்கீங்க?"

ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை ஆட்கள் என்று போடுவதுதான் என் கணக்கு. தண்ணீர் என்றால் ஆட்கள் பூச்சியம். ஆளில்லாத இடத்தில் சேவை கிடைக்காதவரும் இல்லை. அதனால்தான் என் கணக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

அலுவலகம் திரும்பியதும், வாவியின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆளைப் போட்டுப் பார்த்தேன். திட்டத்தின் சேவை மதிப்பெண் சரிந்தது.

"தண்ணிக்குள்ள ஆருப்பா இருக்கா?" என்றார் மேலாளர்.

அறிக்கை அனுப்பும் முன், பூச்சியத்தை என் கையாலேயே திரும்பப் போட்டேன்.